ஓலைக் கொட்டானில் பாலன்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தங்கச்சிமடம் கடைகளில் பஞ்சு வந்து இறங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி தூவுவதற்காம். பாம்பன் தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு ஒவ்வோர் ஆண்டும் இதைப் பார்த்து மனம் ஆறுவதில்லை. எங்கள் மார்கழிக்குப் பனிக்கட்டி தெரியாது, வாடைக்காற்றுதான் தெரியும். வடகடல் பொங்கிக் கரையில் அறையும்போது தென்கடல் குளம்போல் கிடக்கும். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இங்கே பெண்கள் பலகாரத்துக்கு மாவு பிசைவார்கள்.

என் அம்மாச்சி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பரில் தங்கையின் பேறுகாலம் பார்க்க அக்கரை உச்சிப்புளிக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார். “கோவில் குடிலுக்கு நாலு கீற்று முடைந்து கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்” என்பார். 22ஆம் தேதி நள்ளிரவு அடித்த புயலில், நூறு பேருக்கும் மேல் ஏற்றி வந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஊரும் போனது. பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்களும் போயின. தீவுக்கு அன்று வேறு வழி கிடையாது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தது எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை. அம்மாச்சிக்கோ, தன் வீட்டார் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் அக்கரையில் கழிந்த கிறிஸ்துமஸ் அது.

பிறகு தங்கச்சிமடத்தில் குடியேறி, சாகும்வரை எங்கள் வீட்டுக் குடிலை அவர்தான் கட்டினார். மூங்கில் கிடையாது, பனைமட்டைதான் கால். மேலே ஓலை. தரைக்குத் தனுஷ்கோடி மணல், ஒரு படி, சல்லடையில் சலித்தது. நெல் விளையாத மணல்தீவில் வைக்கோலுக்கு எங்கே போவது? ஓலைக் கொட்டானில், அதாவது சின்ன ஓலைக் கூடையில், பனையின் நார்வலையான பன்னாடையைக் கிழித்துப் பரப்பி, அதன்மேல் ஒரு பழைய வேட்டித் துணி. வானவர் கீதம் பாடி நள்ளிரவுப் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் பாலனைக் கிடத்துவார். அதுவரை கொட்டான் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை அவர் பார்த்துக்கொண்டிருந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருக்குப் பனைமட்டை குறைவா என்ன? பெத்லகேமின் ஏழ்மைக்கு எங்கள் ஓலைக் குடிசைதான் நெருங்கிய உறவு.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின், இடிந்த அந்தத் தனுஷ்கோடிக் கோவிலின் பவளக்கல் சுவர் முன்னால் படம் எடுக்க வேன் வேனாக வருகிறார்கள். வரட்டும். ஆனால் அந்தக் கோவிலில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் என்ன நடந்தது என்பதை எங்கள் தீவுப் பிள்ளைகளே அறியாமல் வளர்வது எனக்குத் தாங்கவில்லை. நள்ளிரவுப் பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதில் 1964இல் கடல் கொண்டவர்களுக்காக ஒரு வரி வேண்டும் என்று பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறைகளில் இருக்கும் எங்கள் மீனவர்களுக்காக இன்னொரு வரி. முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் மன்னார்த் தீவிலும் அதே இரவு, அதே தமிழில்தான் பூசை நடக்கிறது.

அம்மாச்சியின் கொட்டான் என்னிடம் இருக்கிறது. விளிம்பில் இரண்டு ஓலை பிரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் மகளை உட்கார வைத்து, அதைப் பின்னக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.