வாழைப்பழமும் மன அழுத்த மாத்திரையும் புற்றுநோயை வளர்க்குமா?

மும்பையின் தாராவி, மாட்டுங்கா பக்கத் தமிழ் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “செரட்டோனின்தான் புற்றுநோய்க்குத் தீனி. வாழைப்பழத்தையும் மன அழுத்த மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள்.” தவறு, ஆபத்தும்கூட.

செரட்டோனின் என்பது உடலே தயாரிக்கும், செய்தி கடத்தும் வேதிப்பொருள். அதில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது; அதில் ஒரு பகுதி ரத்தத் தட்டணுக்களில் சேர்கிறது. சில கட்டிகள் அதைப் பயன்படுத்திக்கொள்வது உண்மைதான். ஆனால் மன அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் தட்டணுவுக்குள் அது சேர்வதைத் தடுப்பவை. 2021இல் சூரிச் ஆய்வாளர்கள் ஃப்ளூவாக்ஸெடின் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை கொடுத்த எலிகளில் கட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது. அதற்காக அதைப் புற்றுநோய் மருந்தென்று விழுங்கவும் கூடாது. எலியில் கண்டது மனிதரில் நிரூபணமாகவில்லை.

வாழைப்பழக் கதைக்கு மூலம் ஒரு பரிசோதனையாக இருக்கலாம். செரட்டோனினைச் சுரக்கக்கூடிய கார்சினாய்டு என்ற கட்டியைக் கண்டறிய, செரட்டோனின் சிதைந்து உண்டாகும் 5-எச்ஐஏஏ என்ற பொருளை 24 மணி நேரச் சிறுநீரில் அளப்பார்கள். வாழை, அன்னாசி, வால்நட் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் பரிசோதனைக்கு முன் சுமார் 3 நாள் விலக்கச் சொல்வார்கள். அது புற்றுநோய்ப் பத்தியம் அல்ல.

செரட்டோனின் உற்பத்தியைக் குறைக்கும் டெலோட்ரிஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி தந்தது கார்சினாய்டு கட்டியால் வரும் வயிற்றுப்போக்குக்குத்தான். கட்டியைக் கரைக்க அல்ல.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் எடுப்போருக்குப் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் ஆகிய எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் ஒத்துவராது. கல்லீரலின் சிஒய்பி2டி6 நொதியை அவை முடக்குவதால், தமாக்ஸிஃபென் வீரியமுள்ள எண்டாக்ஸிஃபெனாக மாறுவது குறையும். மருத்துவர் வென்லாஃபாக்ஸின் என்ற வேறு மன அழுத்த மாத்திரைக்கு மாற்றித் தரலாம். மன அழுத்த மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். படிப்படியாகவே குறைக்க வேண்டும். பரேலில் உள்ள டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மனநல மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.