கைதட்டினால்தான் பறக்கணுமா?

பங்குனி மாதம், பழவேற்காடு. 3 மணிக்கே எழுந்து சென்னையிலிருந்து வண்டி ஓட்டி, விடியும்போது ஏரிக்கரைச் சேற்றில் குப்புறப் படுத்தாயிற்று. 20 நிமிடம் அசையாமல் கிடந்த பிறகுதான் கொசு உள்ளான்கள் என்ற குட்டிக் கரைப்பறவைகள் என்னையும் ஒரு கட்டையாக ஏற்றுக்கொண்டு பக்கத்தில் மேய வந்தன. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த முதுகில் செம்பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஃபோகஸ் சரியாகக் கண்ணில் உட்கார்ந்த நேரம், பின்னால் ஒருவர் 'டப் டப்' என்று கைதட்டினார்!

தூரத்தில் பூநாரைகள் சும்மா நிற்கின்றனவாம். பறந்தால்தான் ரீல்ஸ் நன்றாக வருமாம். கைதட்டலுக்கு மசியவில்லை என்றதும் ஹாரன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போனது, என் உள்ளான்களும் சேர்த்து.

அண்ணே, சுமார் 25 கிராம் பறவை அந்த உள்ளான். சைபீரியாவின் வடகோடி வரை போகணும். அதற்காகத்தான் இப்போது தின்று தின்று கொழுப்புச் சேர்க்கிறது. ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறீர்கள்.

இதை அவரிடமே சொன்னேன். "பறவைன்னா பறக்கத்தானே சார்?" என்றார்.

என் கார்டில் மிஞ்சியது 14 படம். எல்லாம் வால்.