முதல் காகிதம் பள்ளிக்கூடம் தருவதுதான்

மண்டபத்தில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமின் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அதிலும் 2022லும் அதற்குப் பிறகும் படகில் வந்து இறங்கிய பிள்ளைகளுக்காக. அவர்களுடைய அம்மா அப்பா கண்ணில் பட்டால் இன்னும் நல்லது.

நேற்று சாயங்காலம் டியூஷன் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு தம்பி மட்டும் வாசலிலேயே நின்றான். பத்தாம் வகுப்பில் 371 எடுத்தவன், கணக்கில் மட்டும் 88. "அக்கா, நான் மாமாவோட பெயிண்டிங் வேலைக்குப் போகப் போறன்" என்றான். ஏன்டா என்று கேட்டேன். "எங்களுக்கு ஒரு அகதி அட்டையும் இல்லைத்தானே, படிச்சு என்ன செய்யிறது?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இவன் வந்த கதை எனக்குத் தெரியும். இலங்கையில் அரிசியும் பால்மாவும் டீசலும் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற 2022ல், மார்ச் 22ஆம் தேதி முதலில் 16 பேர் வந்தார்கள் இல்லையா, அதற்கு அடுத்த மாதம் வந்த குடும்பம். படகுக்காரன் நடுராத்திரியில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். விடியும்வரை தண்ணீர் இல்லை, நிழலும் இல்லை, கைக்குழந்தை வேறு. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பை. மாற்றுத்துணி, தங்கச்சிக்குப் பால்மா, அப்புறம் பாலிதீன் பையில் இரண்டு சுற்று சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டு. அது இவன் மன்னாரில் படித்த பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி அறிக்கை. நகையை விற்றுப் படகுக்குக் கொடுத்த தாய், நனையக் கூடாது என்று பொத்திக் கொண்டுவந்தது அந்தக் காகிதத்தை. தம்பி, உன் கேள்விக்கு உன் அம்மா அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நானும் அகதி அட்டை, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங், அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை என்று வளர்ந்தவள்தான். அப்பா அம்மா 1990ல் வந்தார்கள், நான் 1993ல் இங்கேயே பிறந்தேன். பிளஸ் டூ முடித்து ஒரு கல்லூரிக்குப் போனபோது, விண்ணப்பத்தில் நாட்டினம் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "இதெல்லாம் மேலே கேட்கணும்மா" என்றார். மேலே கேட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது, அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. இன்னொரு கல்லூரியில்தான் பி.காம். கிடைத்தது. இப்போது ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெயிண்டிங் போகிறவர்கள் ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம் வாங்குகிறார்கள். எனக்கு முதல் வருடம் மாதம் ஒன்பதாயிரம்தான். இதை மறைத்துவிட்டுப் படி படி என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் நாற்பது வயதில் தோளும் முதுகும் போய், சாரம் ஏற முடியாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் நம் வரிசையிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, என்னைப் படிக்க வைத்ததே அப்பாவின் பெயிண்ட் பிரஷ்தான். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருக்கிறது.

இந்தப் பக்கம் யார் மேடை ஏறினாலும் கலாம் கதையைச் சொல்வார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, ஜனாதிபதி ஆன கதை. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் முகாம் பிள்ளைகள் கேட்பது வேறு: "அவருக்கு நாடு இருந்ததுதானே அக்கா?" அந்தக் கேள்வி நியாயமானது. அரசு வேலை நமக்குக் கிடையாது. பாஸ்போர்ட் கிடையாது. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் பெயரே இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025ல் விலக்கு கொடுத்தார்கள், அதற்குப் பிறகு வந்த உங்களுக்கு அதுவும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

அப்படியும் ஏன் படிக்கச் சொல்கிறேன்? அட்டை இல்லாத பிள்ளைக்கு இந்த மண்ணில் அவன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுக்கிற முதல் காகிதம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான். வேறு எந்த அலுவலகமும் அதைத் தராது. 1986ல் இதே மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், திருச்சி முகாமில் வளர்ந்தவர், தன் பிறப்புச் சான்றிதழை வைத்துத்தான் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 2022ல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்கணக்கு எனக்கு உதவாது, உங்களுக்கும் உதவாது. ஆனால் முப்பத்தாறு வருடம் பத்திரமாக இருந்த ஒரு தாள் ஒரு நாள் நீதிமன்றத்தில் பேசியது. நாளைக்குச் சட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். ஊருக்கே திரும்பிப் போனாலும் அதே காகிதம்தான் கூட வரும்.

இன்னொன்று, பள்ளிக்கூடம் யாரும் போடுகிற பிச்சை இல்லை. இந்திய அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் என்றுதான் சொல்கிறது, குடிமக்களின் குழந்தைகளுக்கு என்று சொல்லவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. டி.சி. வரத் தாமதம் என்றும் திருப்பி அனுப்ப முடியாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஊர், ஆவணம் இல்லாமல் வந்தவர்களின் பிள்ளைக்கு வருடம் 1000 டாலர் கட்டு என்றது. 1982ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது, பெற்றோர் எல்லை தாண்டியதற்குப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்றது. ஐந்துக்கு நான்கு என்ற ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் வந்த தீர்ப்பு, இன்றுவரை நிற்கிறது. நீயும் படகில் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்து வரவில்லை, பன்னிரண்டு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

படிப்பு கடினம் என்றால் அதற்கும் காரணம் தெரியும். அங்கே இரசாயனவியல், இங்கே வேதியியல். அங்கே பௌதிகவியல், இங்கே இயற்பியல். கேத்திர கணிதம் இங்கே வடிவியல், அட்சர கணிதம் இங்கே இயற்கணிதம். முதல் மூன்று மாதம் இந்தத் தம்பி கரும்பலகையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான், மக்கு என்று நினைத்துவிட்டார்கள். நோட்டில் இரண்டு பத்தி போட்டு அந்த ஊர்ச் சொல், இந்த ஊர்ச் சொல் என்று எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த பரீட்சையில் வகுப்பில் நான்காவது. பிள்ளைக்கு மூளை இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அவன் எந்தச் சொல்லில் படித்தான் என்று கேளுங்கள், ஆசிரியர்களே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ஊரில் அப்பா பெயரை முழுதாக எழுதுவோம், இங்கே ஒற்றை எழுத்தோடு முடிப்பார்கள், ஒரு காகிதத்துக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தாமல் பின்னால் அலைய வேண்டியிருக்கும். கல்லூரிக்கு உதவித்தொகை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்திலேயே முகாம் மாணவர்களின் படிப்பும் உண்டு. உங்கள் பதிவுக்கு அது கிடைக்குமா என்று முகாம் அலுவலகத்திலும் ஈழ அகதிகளுக்காக வேலை செய்யும் ஓஃபர் அமைப்பிலும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே கேளுங்கள். நான் ரிசல்ட் வந்த பிறகு கேட்டதால்தான் இரண்டு மாதம் போனது.

நம்முடைய சனம் படிப்புக்காகப் பட்டது கொஞ்சமா? எழுபதுகளில் இலங்கையில் தரப்படுத்தல் என்ற பல்கலைக்கழகச் சேர்க்கை முறை வந்து, நல்ல மார்க் எடுத்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனது. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அந்தச் சாம்பலைப் பார்த்த தலைமுறை பெற்ற பிள்ளைகள் நாங்கள். மற்றவர்கள் பறித்தபோது அழுதோம். நாமே விட்டுக்கொடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும், மாமா போனில் எல்லாம் பார்ப்பாய். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை இன்னும் முடியவில்லை. கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் நிற்பேன். மார்க் ஷீட், டி.சி., இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்தப் பாலிதீன் பையையும் மறக்காதே.