அந்தக் கொக்கியையும் சொல்லியிருக்கலாம்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்கா ரேஞ்சர்களின் துப்பாக்கி பற்றிய கட்டுரை அருமை. ஆனால் தோட்டாவின் பருமனை மட்டுமே பேசுகிறது. .458 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா வகை 1956இல் வந்தது, எடை 500 கிரெயின், அதாவது 32 கிராம். சரி. ஆனால் யானையின் மண்டையோடு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும், மூளை வெகு உள்ளே. முனை விரியும் தோட்டா பாதியிலேயே நின்றுவிடலாம். அதனால்தான் விரியாத கெட்டித் தோட்டா.

அப்புறம் மவுசர் வகைத் துப்பாக்கியின் போல்ட்டில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ள முன்னும் பின்னும் கையால் நகர்த்தும் தண்டில், நகம் போல ஒரு நீளக் கொக்கி உண்டு. தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து தோட்டா மேலேறும்போதே அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதிவரை தள்ளி, பின்னால் இழுத்துத் திரும்பத் தள்ளினாலும் இரண்டு தோட்டா சிக்காது. காட்டெருமை இருபதடி தூரத்தில் பாய்ந்து வரும்போது ரேஞ்சரின் உயிர் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது.