கேரம் ஜெயித்த பிள்ளைக்கு மேடையில் இடமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு விளையாட்டு விழாவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கிரிக்கெட், ஷட்டில், ஏன், லெமன் ஸ்பூனுக்குக்கூட மேடையில் பரிசு. கேரம் ஜெயித்த பெண் மட்டும் கடைசி வரை முன்வரிசையில் காத்திருந்தாள். கேட்டதற்கு, "அது டைம்பாஸ்தானே சார், ஆபீஸ் ரூம்ல வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

டைம்பாஸ் இல்லைங்க. கேரம் ஒரு விளையாட்டு.

ஃபைனலில் நான் பக்கத்தில்தான் நின்றேன். சிவப்புக் காய் அவள் பக்கமே, ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோட்டுக்குப் பின்னால் கிடந்தது. நேரே அடிக்க வழியில்லை. எதிர்க் கட்டையில் மோதித் திரும்பி வந்த ஸ்ட்ரைக்கரால் மெல்லத் தொட்டுக் குழியில் தள்ளினாள். சிவப்பு செல்ல, அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைக் குழியில் தள்ளி ஃபாலோவும் போட்டாள். இதற்கு எத்தனை மாதம் விரல் பழக வேண்டும் தெரியுமா?

"ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்து விளையாடுவது என்ன விளையாட்டு?" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்கிறார். குகேஷ் 2024இல் உலக செஸ் சாம்பியன் ஆனபோது இனிப்பு கொடுத்தவரும் இவர்தான். அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அதற்கு யார் வீட்டில் இனிப்பு வந்தது? மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன். இத்தனைக்குப் பிறகும் கேரம் டைம்பாஸ்!

"கேரம் கிளப்பில் காசு வைத்து ஆடுவார்கள், ரவுடிகள் கூடுவார்கள்" என்பது அடுத்த பேச்சு. சில இடங்களில் காசு ஆட்டம் உண்டு, மறுக்கவில்லை. 2013இல் ஐபிஎல் கிரிக்கெட்டில் சூதாட்டப் புகார் வெடிக்கவில்லையா? அதற்காக யாராவது பிள்ளையின் பேட்டைப் பிடுங்கினீர்களா?

ரவுடி என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. என் அப்பா கேரம் கிளப் ஆள். மில் ஷிப்டு முடிந்ததும் தெருமுனைக் கொட்டகைக்குப் போவார். போர்டுக்கு மேலே தகர மூடி போட்ட ஒரு குண்டு பல்பு. வீடு திரும்பும்போது சட்டைக் கையெல்லாம் போரிக் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கும். குடிக்க மாட்டார், யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, "கிளப்புக்குப் போறதைச் சொல்லிடாதீங்க" என்று அம்மா கெஞ்சினார். அப்பா சரி என்று தலையாட்டினார். அதன்பின் அவர் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஜெயித்த கோப்பைகள் பரண் மேல் ஏறின.

ஒரு கோப்பைக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்கிறீர்கள். கோப்பை உங்களுக்குச் சின்னது. கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த பிள்ளைக்கு அப்படி இல்லை.

"இத்தோட விடுங்க சார்" என்று தனியாக மெசேஜ் வருகிறது. விட மாட்டேன். அந்தக் கோப்பை இன்னும் ஆபீஸ் ரூம் அலமாரியில்தான் இருக்கிறது. எல்லோரையும் கூட்டுங்கள், மைக்கில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், மேடையில் வைத்துக் கொடுங்கள்.