பாயின்ட் பக்கத்துக் கன்டன்சர் ரேடியோவுக்கானது அல்ல

பழைய பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரை வீட்டில் பிரித்துக் கோக்கும்போது உள்ளே இருக்கும் கன்டன்சரை (மின்தேக்கியை) மாட்டாமல் விட்டுவிடலாம், அது ரேடியோ இரைச்சலைத் தடுக்க மட்டுமே என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ரேடியோவுக்கென்றே தனிக் கன்டன்சர் உண்டு, ஆனால் அது காயிலுக்கு (பிளக்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருளுக்கு) மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்கும். பாயின்டுக்கு, அதாவது காயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைக்கு, பக்கத்தில் ஒற்றைத் திருகில் நிற்பது வேறு. பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னழுத்தம் 12 வோல்ட்டிலிருந்து சில நூறு வோல்ட்டுக்கு எகிறும். அதை இந்தக் கன்டன்சர் வாங்கிக்கொள்ளாவிட்டால் மின்னோட்டம் பாயின்ட் இடைவெளியிலேயே பொறியாகத் தாவும். காயிலின் காந்தப்புலம் சட்டென்று விழாது, பிளக்கில் பொறி சோரும். பாயின்ட் கருகுவது அப்புறம்தான்.

நீங்களே பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, காய்ந்த மரக்குச்சியால் பாயின்டை நெம்பித் திறவுங்கள். கன்டன்சர் இருந்தால் மிகச் சிறிய பொறி. அதன் வயரைக் கழற்றிவிட்டுத் திறந்தால் பளிச்சென்று நீலமாக அடிக்கும். சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சூடேறும். கழற்றிய கன்டன்சரை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 0.2 மைக்ரோஃபேரட் காட்ட வேண்டும்.

பாயின்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.