முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

ஆர்வத்தின் பேரில் படம் எடுக்கும் ஒருவர், தம் படத்தை நண்பர்கள் முன் வைத்து 'எப்படி இருக்கிறது?' என்று கேட்கும்போது, பெரும்பாலும் இரண்டு வகைப் பதில்களே அவருக்குக் கிடைக்கின்றன. 'அருமை', 'சூப்பர்', 'வேற லெவல்' என்பவை முதல் வகை. 'ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவை) குறைத்திருக்கலாம்', 'ஆளை நடுவில் வைத்திருக்கக் கூடாது', 'நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள்' என்பவை இரண்டாம் வகை. முதல் வகையில் அன்பும் இரண்டாம் வகையில் அக்கறையும் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தப் படத்தின் கீழும் எழுதிவிடலாம். அந்தக் குறிப்பிட்ட படத்தை ஒருவர் நின்று பார்த்தார் என்பதற்கு அவற்றில் எந்தத் தடயமும் இருப்பதில்லை. படம் எடுத்தவருக்கு உண்மையில் தேவைப்படுவது, பார்த்தவரின் கண் அந்தப் படத்துக்குள் எங்கே நுழைந்தது, எங்கே நின்றது, எங்கே தடுக்கியது என்ற செய்திதான். அதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எடுத்தவரால் தம் படத்தை வெறும் படமாகப் பார்க்க முடியாது. அவர் அந்த இடத்தில் நின்றவர். மூச்சிரைக்க மேலே ஏறிய களைப்பும், முகத்தில் அடித்த குளிர்காற்றும், மேகம் சட்டென்று விலகி எதிரே மலை முழுதாகத் தெரிந்த அந்தச் சில நொடிகளின் பரவசமும் சேர்ந்ததுதான் அவருக்கு அந்தப் படம். பார்ப்பவருக்கோ நான்கு விளிம்புகளுக்குள் இருக்கும் வெளிச்சமும் நிழலும் மட்டுமே கிடைக்கின்றன. கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் பரந்த காட்சியை ஒரே படத்தில் அடக்கும் அகலக்கோண வகையைச் சேர்ந்தது என்பதால், நேரில் மலைக்கவைத்த அதே மலை படத்தில் தொலைவில் ஒரு சாம்பல் கோடாகச் சுருங்கியிருக்கும். முன்னால் கிடக்கும் பாறைகள்தான் பெரிதாகத் தெரியும். எடுத்தவர் நினைவைக்கொண்டு மலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறார். நமக்கு அந்த நினைவு இல்லை. நாம் அங்கே இல்லாததுதான் கருத்துச் சொல்ல நமக்கு இருக்கும் முதல் தகுதி. பெரிய கலைநுணுக்கம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அண்மையில் ஒரு படம் பார்த்தேன். சன்னலோரம் அமர்ந்த மூதாட்டி ஒருவர் ஊசியில் நூல் கோக்கிறார். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் விரல்களின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன; ஒரு கண் இடுங்கியிருக்கிறது; கவனத்தில் உதடுகள் குவிந்திருக்கின்றன. கீழே பாராட்டுகள் வரிசையாக வந்திருந்தன. ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'என் பார்வை முதலில் வலது மேல் மூலையில் இருக்கும் வெள்ளை சுவிட்ச் போர்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து சன்னல் கம்பிகளுக்கு வந்தது. அதன் பிறகுதான் ஊசியைக் கண்டேன். கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன்.' இதில் பாராட்டு உண்டா, குறை உண்டா என்று பிரித்துச் சொல்வது கடினம். என்ன செய்ய வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் படம் எடுத்தவருக்கு அந்தச் சில வரிகளே போதுமாக இருந்தன. படத்தில் மிகவும் வெளிச்சமான இடத்துக்கும், கருமையும் வெண்மையும் கூர்மையாக மோதும் இடத்துக்கும் கண் முதலில் ஓடும் என்பதை அவர் ஏற்கெனவே எங்கோ படித்திருக்கக்கூடும். தம் படத்திலேயே அது நடக்கிறது என்பதை இன்னொருவரின் கண் வழியாகத்தான் உணர்ந்தார். வலது ஓரத்தைச் சற்று வெட்டி, சன்னல் கம்பிகளின் மேல் இருந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் தணித்து, அதே படத்தை மறுபடியும் பகிர்ந்தார். இப்போது எடுத்த எடுப்பிலேயே ஊசியும் விரல்களும் தெரிகின்றன.

நண்பரின் ஒரு சொல் எவ்வளவு தூரம் துணைவரும் என்பதற்கு ஒளிப்பட வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று ஜூலியா மார்கரெட் கேமரன். கொல்கத்தாவில் பிறந்து இலங்கையில் மறைந்த இவர், 1863 டிசம்பரில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார். அன்றைய ஒளிப்பட இதழ்கள் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஃபோகஸ் மங்கலாக இருக்கிறது, படம் பதியும் கண்ணாடித் தட்டுகளில் கறையும் கீறலும் இருக்கின்றன, வேலையில் சுத்தம் போதாது என்று எழுதின. தொழில்நுட்ப அளவில் அவற்றில் உண்மையும் இருந்தது. அவருடைய நீண்டகால நண்பர் ஜான் ஹெர்ஷல் வானியலறிஞர், வேதியியலறிஞர். ஒளிப்படத்தை அழியாமல் நிலைநிறுத்தப் பயன்படும், ஹைப்போ என்று நாம் அழைக்கும் உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்பதை 1819இலேயே கண்டறிந்து எழுதியவர். தட்டிலும் ரசாயனத்திலும் குறை காண வேண்டுமென்றால் அவரைவிடத் தகுதியானவர் அன்று அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. அவரோ 1866இல் எழுதிய கடிதம் ஒன்றில், கேமரன் எடுத்த ஒரு பெண்ணின் தலைப் படத்தைப் பற்றி, அவள் முழு உயிரோடு தாளிலிருந்து தலையை வெளியே காற்றுக்குள் நீட்டுவதுபோல் இருக்கிறது என்றும், இது உங்களுக்கே உரிய தனிப் பாணி என்றும் சொன்னார். தாம் பார்த்தது என்ன என்பதை அவர் அப்படியே சொல்லிவிட்டார். எது முறையான ஃபோகஸ் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று அதற்கு முன்பே ஹெர்ஷலுக்கு எழுதிக் கேட்டிருந்த கேமரன், கடைசிவரை தம் மென்மையான ஃபோகஸைக் கைவிடவில்லை. இதழ்கள் குறை சொன்ன அந்தப் படங்களை இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன.

அதனால் தொழில்நுட்பம் பற்றியே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசினால் உற்றுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்கிறேன். 'படம் ஷேக் ஆகிவிட்டது' என்பது நாம் மிக அலட்சியமாகப் பயன்படுத்தும் தீர்ப்பு. படம் மங்குவதற்கு முதன்மையாக மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. சுவர், நாற்காலி, ஆள் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டு, தொலைவில் இருக்கும் சிறு விளக்குகள்கூட ஒரே மாதிரிக் கோடுகளாகியிருந்தால் கேமராதான் அசைந்திருக்கிறது. முழங்கைகளை உடலோடு ஒட்டிக்கொள்வதும், எதன் மீதாவது சாய்ந்து நிற்பதும், ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதும், அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தைக் குறைப்பதும், அதற்கு உதவும். சுவர் தெளிவாக இருந்து, ஓடி வரும் குழந்தையின் கைகால்கள் மட்டும் கரைந்திருந்தால் அசைந்தது குழந்தை; 1/30 நொடியில் அதை நிறுத்த முடியாது, 1/500 அளவுக்குப் போக வேண்டியிருக்கும், அதற்காக ஐஎஸ்ஓ உயர்ந்து படத்தில் புள்ளிகள் கூடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். முகம் மங்கலாக இருந்து, பின்னால் தொங்கும் திரைச்சீலையின் நெசவு மட்டும் துல்லியமாகத் தெரிந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. அடுத்த முறை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்தால் போதும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது குறைந்தது 1/50 நொடி வேகமாவது வேண்டும் என்ற பழைய கணக்கும், இன்றைய கேமராக்களில் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் முதல் சிக்கலுக்கு மட்டுமே உதவுபவை. ஓடும் குழந்தையை அவை நிறுத்தாது. இந்த மூன்றில் எது என்று பார்த்துச் சொன்னால் படம் எடுத்தவருக்கு ஒரு வழி தெரியும். பார்க்காமல் 'டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) பயன்படுத்துங்கள்' என்றால், அவர் டிரைபாடை வாங்கிவந்து, மறுபடியும் கரைந்துபோன குழந்தையையே எடுப்பார்.

இன்னொருவருடைய படத்தை அவரிடம் கேட்காமல் எடுத்து, வெட்டி, நிறம் மாற்றி, 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று அவர் பதிவின் கீழேயே ஒட்டும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டுவிட்டுச் செய்தால் அது நல்ல பாடம்.

குறை சொல்லவே கூடாத படங்களும் இருக்கின்றன. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவில், காட்சியைப் பார்த்துக் குறிவைக்க உதவும் வ்யூஃபைண்டரே கிடையாது. 100 படங்களுக்கான சுருளோடு வரும் அந்தப் பெட்டியைத் தோராயமாகக் குறிபார்த்து அழுத்திவிட்டு, சுருள் முடிந்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கே அனுப்ப வேண்டும். 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி வந்தபோது சிறுவர்களும் படம் எடுக்கலானார்கள். அப்போதிருந்தே கோடிக்கணக்கான படங்கள், அன்புக்குரிய ஒருவர் அன்று அங்கே இருந்தார் என்பதற்காகவே எடுக்கப்படுகின்றன. மகன் எடுத்த அம்மாவின் படத்தில் அடிவானம் சாய்ந்திருந்தால் என்ன? அங்கேயும் பார்த்ததைச் சொல்லலாம்: அவர் சிரிப்பை, கையில் எதையோ இறுகப் பற்றியிருக்கும் விதத்தை, படம் எடுப்பவரைப் பார்க்கும் அந்தப் பார்வையைச் சொல்லலாம். எந்த வகைப் படம் என்று தெரியாவிட்டால், 'கருத்துச் சொல்லலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

பகிர்பவர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. ஒரே காட்சியின் பத்துப் படங்களைக் கொட்டாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுப்பதும் படம் எடுப்பதில் பாதி. படத்தோடு நீண்ட விளக்கம் எழுதாதீர்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால் எங்கள் கண் அங்கேதான் போகும், உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவராது. 'முதலில் எதைப் பார்த்தீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். உங்கள் நோக்கத்தைப் பிறகு சொல்லலாம். தெளிவைப் பற்றிக் கருத்து வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருக்கப்பட்டு நுண்விவரங்கள் போய்விடும். ஆனால் அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கோப்போடு சேர்ந்தே போகக்கூடும் என்பதால், வீட்டிலும் குழந்தைகள் இருக்கும் இடங்களிலும் எடுத்த படங்களிலிருந்து அதை முதலில் நீக்கிவிடுங்கள்.

வரும் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது பலர் சோர்ந்துபோகிறார்கள். ஒருவர் வெட்டச் சொல்வார், இன்னொருவர் இருட்டாக்கச் சொல்வார், மூன்றாமவர் வேறு நேரத்தில் போய் எடுக்கச் சொல்வார். ஆனால் மூவரும் கைகாட்டுவது படத்தின் ஒரே மூலையைத்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்பது உறுதி. அதை வெட்டுவதா, இருட்டாக்குவதா, அப்படியே விட்டுவைப்பதா என்பது உங்கள் முடிவு. எந்த முடிவுக்கு வந்தாலும், திருத்திய படத்தையோ திருத்தாமல் விட்டதற்கான காரணத்தையோ அதே இடத்தில் பகிருங்கள். நேரம் ஒதுக்கிப் பார்த்துச் சொன்னவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள்.